செல்லுக்குள் ஒளிரும் பாதரசம்: படம் அழகுதான், பயன் என்ன?

மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் சில செல்கள். ஒரே இருட்டு. பாதரச உப்புக் கரைசலைக் கொஞ்சம் சேர்த்ததும், சில நிமிடங்களில் பளிச்சென்று சிவப்பாக ஒளிர்கின்றன. ‘உயிருள்ள செல்லில் நச்சைக் கண்டுபிடிக்கும் புதிய மூலக்கூறு’ என்று செய்தி வந்துவிடுகிறது. சரி, அந்த ஒளியை நம்பி ஒரு டாக்டர் முடிவெடுக்கலாமா?

அது என்ன ஃப்ளோரசென்ட் சென்சார்?

ரொம்ப சிம்பிள். ஒரே மூலக்கூறில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, அயனியைப் பிடிக்கும் கொக்கி. இன்னொன்று, ஒளிரும் விளக்கு. கொக்கி காலியாக இருந்தால், அதிலிருந்து ஒரு எலெக்ட்ரான் விளக்குப் பக்கம் தாவி ஒளியை அணைத்துவிடும். அயனி வந்து மாட்டிக்கொண்டால் எலெக்ட்ரானால் தாவ முடியாது, விளக்கு எரியும். வேறு வகைகளும் உண்டு. ஆனால், பிரபலமான வழிகளில் ஒன்று இதுதான்.

உயிருள்ள செல்லுக்குள் அயனியைப் பார்க்க வழிபோட்டவர்களில் முக்கியமானவர் ரோஜர் சியென். 1985-ல் அவரது குழு வெளியிட்ட ‘ஃபுரா-2’ சாயம், செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைக் கண்ணில் காட்டியது. பச்சை ஒளிர் புரதத்துக்காக 2008-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இவர்தான்.

ஏன் தேவை?

பாதரசத்தை அளக்கும் வழக்கமான ஆய்வகக் கருவிக்கு, மாதிரியை அமிலத்தில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மொத்த அளவு துல்லியமாகத் தெரியும். ஆனால், செல்லின் எந்த மூலையில் நஞ்சு தங்கியது, எப்போது நுழைந்தது என்பது தெரியாது. சென்சாரின் பலமே அதைக் காட்டுவதுதான்.

இது வெறும் ஆய்வக விளையாட்டு அல்ல. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம், மீன் வழியாக மக்களின் நரம்புகளைச் சிதைத்தது. அந்த நோய் 1956-ல் தெரியவந்தது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்ததோ 2016-ல்தான். இப்படிப்பட்ட ஊர்களில் இருப்பவர்களுக்கு ‘புதிய சென்சார்’ என்ற செய்தி ஒரு நம்பிக்கை. அதனால்தான் அந்தச் செய்தியைக் கறாராகப் படிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. எவ்வளவு பாதரசம் கொடுத்தார்கள்? பல ஆய்வுகளில் செல்களுக்கு 10 மைக்ரோமோலார் வரை கொடுக்கிறார்கள். அப்படியென்றால் லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரத்தின் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதாவது 2,000 மடங்கு! செல் வேறு, குடிநீர் வேறு. பாதரசம் உடலில் சேரவும் செய்யும். இருந்தாலும், அவ்வளவு கொட்டினால்தான் எரியும் விளக்கு, நிஜ வாழ்க்கையின் சின்ன அளவுக்கு எரியுமா?

2. பாதரசத்துக்கு மட்டும்தான் எரிகிறதா? வெள்ளி, செம்பு அயனிகள் சில சென்சார்களை ஏமாற்றிவிடும். மேலும், செல்லுக்குள் பாதரசம் தனியாகச் சுற்றாது. குளூட்டாதையோன் போன்ற கந்தக மூலக்கூறுகளோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மெத்தில் பாதரசத்தின் வேதியியலோ இன்னும் வேறு. சாதாரண பாதரச உப்பில் வென்ற சென்சார், மினமாட்டா நஞ்சிடம் தோற்கலாம்.

3. விளக்கு திரும்ப அணையுமா? பல பாதரச சென்சார்கள் ஒருமுறை வினைபுரிந்தால் அவ்வளவுதான். நஞ்சு வெளியேறிய பிறகும் ஒளி அப்படியே இருக்கும். சிகிச்சை பலன் தருகிறதா என்பதை இதில் பார்க்க முடியாது.

‘அடிப்படை ஆராய்ச்சியிடம் உடனே பயன் கேட்பது நியாயமா?’ என்று கேட்கலாம். நியாயமில்லைதான். ஆனால், அடிப்படை ஆராய்ச்சியை அப்படியே சொல்ல வேண்டும். நோய் கண்டறியும் கருவி போலக் காட்டக் கூடாது.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இலங்கையில் பிறந்து, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ.பி. டி சில்வா, மேலே சொன்ன கொக்கி-விளக்கு முறையை வளர்த்தெடுத்தவர். அந்த முறையில் உருவான சென்சார்கள் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அளக்கும் சிறிய கருவிகளாகி மருத்துவமனைகளுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அந்த மூலக்கூறுகள் மைக்ரோஸ்கோப் படத்தோடு நின்றுவிடவில்லை. நிஜ ரத்தத்தில் பாஸ் ஆனவை.

தமிழகக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளிலும் இது பிரபலமான ஆராய்ச்சித் தலைப்பு. திறமைக்குக் குறைவில்லை. ஆனால், புதுசாக ஒரு மூலக்கூறு செய்தால்தான் ஆய்வுக் கட்டுரை என்ற நிலை மாற வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஒன்றை எடுத்து, ஏரி மீனிலும் கிணற்று நீரிலும் தொழிலாளியின் ரத்தத்திலும் சோதித்து, வழக்கமான கருவியின் அளவோடு ஒப்பிட்டு, ‘இது வேலை செய்யவில்லை’ என்று நேர்மையாக எழுதும் மாணவருக்கும் அதே முனைவர் பட்டம் கிடைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஊருக்கு அந்த முடிவுதான் அடுத்த ஒளிப்படத்தைவிட உதவும்.