பொதி கட்டுவோர் பணி

வெள்ளக்கடைப் பக்கத்து மலைச்சரிவுகளிற் காப்பிப் பழம் சிவந்து நிற்குங்காலத்து, அதனைப் பறித்தலோடு வேலை முடிந்ததென்று தோட்டத்தார் ஒருவரும் எண்ணார். தோல் நீக்கிக் கழுவி, உலர்த்தித் தரம் பிரித்துச் சாக்கிலிட்ட பின்னரே அது சந்தைக்குரிய பண்டமாகும். மென்பொருளுக்கும் இத்தகைய பின்வேலை ஒன்றுண்டு. அதனை நங் கலாசாலை மாணாக்கர் அற்பமென்று கருதுதல் பிழையென்பது எமது கொள்கை.

கணிப்பொறிகள் பல ஒரே கோப்பறையைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பா என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கான்பெராவில் ஆராய்ச்சி மாணாக்கராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பார் 1991-ஆம் ஆண்டின் இறுதியில் இதனைத் தொடங்கினார். (எஸ், எம், பி என்னும் எழுத்துக்கள் அம்முறையே வருஞ் சொல்லை ஒரு சொற்பட்டியலிற் தேடியெடுத்ததே அப்பெயர், நடனத்துக்கும் அதற்கும் உறவில்லை.) ஆக்கியோர் வெளியிடுவது மூலநிரல். அதற்கு வேண்டிய டாலக், டிடிபி முதலிய துணை நூலகங்கள் எவையென ஆராய்ந்து, உரிமப் பத்திரங்களைச் சரிபார்த்து, பல்வகைக் கணிப்பொறிகளுக்கும் ஏற்பக் கட்டி, நிருவாகி தம் கையாற் திருத்திய அமைப்புக் கோப்பைப் புதுப்பிக்குங்கால் அழியாமற் காப்போர், டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளின் பொதியாளரே.

யாம் அறிந்த கலாசாலை ஒன்றில், ஆர்வமிக்க மாணாக்கர் ஒருவர் பொதியை இகழ்ந்து, மூலநிரலினின்று தாமே சாம்பாவைக் கட்டி நிறுவினார். அது நன்றாகவே ஓடிற்று. அவர் பட்டம் பெற்றுச் சென்றபின், அது எங்குளது, எப்பதிப்பு என்றறிவார் இல்லை. தொட்டாற் கெடுமென்றஞ்சி ஒருவருந் தொட்டிலர்.

இதனால் நேரக்கூடியது யாதென 2017 மே மாதம் காட்டிற்று. பகிர்ந்த கோப்பறையில் எழுத அனுமதி பெற்ற ஒருவன், ஆங்குத் தன் நிரலொன்றை இட்டு, அதனைச் சர்வரே ஏற்றி இயக்குமாறு செய்யலாகும் குற்றமொன்று 3.5.0 பதிப்பு முதலாக இருந்தமை அம்மாதம் 24-ஆம் நாள் வெளியாயிற்று. டெபியன் பொதியாளர், தம் நிலைப்பதிப்பிலிருந்த 4.2 என்னும் பழைய வரிசையையே வைத்துக்கொண்டு, திருத்தத்தை மட்டும் அதனுட் புகுத்தி வழங்கினர். பொதியை நிறுவியிருந்தோர்க்கு வழக்கமான புதுப்பித்தலே போதியதாயிற்று. கையாற் கட்டி மறந்த சர்வருக்கோ அத்திருத்தம் தானே வந்தெய்த வழியில்லை.

பொதிகள் பழம்பதிப்புகளாயிருக்கின்றன என்று நண்பர் சிலர் குறைகூறுவர். மெய்யே, புதிய வசதி வேண்டுவோர்க்கு அது இடையூறுதான். ஆயினும், மழையாலும் காற்றாலும் இணையம் அடிக்கடி அறுந்துபோகும் மலைநாட்டுப் பள்ளிக்கு வேண்டுவது, பாடங்களைத் தன்னகத்தே வைத்து நாள்தோறும் வழங்கும் கோப்புச் சர்வரேயன்றிப் புதுமையன்று. ஆசிரியர் மாறினும் அது நிற்றல் வேண்டும்.

சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையார் டெபியனை அடியாகக்கொண்டு பாஸ் லினக்ஸை 2007-இல் வெளியிட்டனர். ஆகவே இத்தொழில் நம் நாட்டார்க்குப் புதிதன்று. எனினும், நிரலெழுதக் கற்பிக்கும் நம் வகுப்புக்கள் பொதி கட்டக் கற்பிப்பதில்லை. டெபியனில் பராமரிப்போரின்றி விடப்பட்ட பொதிகளின் பட்டியல் யாவருங் காணத் திறந்தே கிடக்கின்றது. இறுதியாண்டு மாணாக்கர் இருவருக்கு ஒரு பொதியாகக் கொடுத்து, அவர் சென்றபின் அடுத்த வகுப்பார் ஏற்குமாறு இவ்வாண்டே தொடங்கலாமென்று கணிப்பொறித் துறை ஆசிரியர்களை வேண்டுகின்றோம். முதற் பொதி சிறிதாயிருக்கட்டும். சாம்பாவைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.