வயலில் இறங்காத வைக்கோல் தொப்பி

1783-இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் பிரான்ஸ் அரசி மரி அன்த்வானெத்தின் படம் ஒன்று பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ரன். நகையில்லை, பட்டில்லை. வெள்ளை மஸ்லின் அங்கி, இடுப்பில் மெல்லிய பொன்னிறத் துணி, தலையில் அகலமான வைக்கோல் தொப்பி, கையில் ரோஜா. உள்ளாடையோடு அரசி நிற்பதா என்று கூச்சல் எழ, படம் இறக்கப்பட்டது. பட்டுடுத்திய வேறு படம் அந்த இடத்தில் ஏறியது.

அரசியின் மானம் பற்றி அத்தனை பேச்சு. அத்தகைய தொப்பியை வெயிலுக்காக அணிந்த குடியானவப் பெண்ணின் பாடுகளைப் பற்றியல்லவா பேசியிருக்க வேண்டும்!

உழவர் வேடம் பூணும் இந்த மோகம் அரசியோடு தொடங்கியதல்ல. பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் தெ பொம்பதூரை, பூக்கூடை ஏந்திய தோட்டக்காரியாக 1750-களிலேயே கார்ல் வான் லூ வரைந்துவிட்டார்.

மரி அன்த்வானெத்தோ படத்தோடு நிற்கவில்லை. 1783 முதல் வெர்சாய் தோட்டத்தில் கட்டடக் கலைஞர் ரிஷார் மீக்கைக் கொண்டு ஒரு கிராமத்தையே கட்டச் செய்தார். கூரை வேய்ந்த வீடுகள். பழைய சுவராகத் தெரிய வேண்டுமென்று புதுச்சுவரில் வரையப்பட்ட விரிசல்கள்! பால் வைக்கும் வீட்டுக்குள் போனால் பளிங்கு மேடைகள். அங்கே மாடு, கோழி எல்லாம் நிஜம். ஆனால் அவற்றைப் பராமரித்தது வாலி புஸ்ஸார் என்ற பண்ணைக்காரரின் குடும்பம்.

படத்தில் அரசி அணிந்த அந்த மஸ்லின் அங்கியில் அழகு உண்டு, இறுக்கிய கச்சிலிருந்து ஒரு பெண்ணுக்குக் கிடைத்த விடுதலையும் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் உழவரின் உடையை எடுத்துக்கொண்ட பிரபுக்கள், உழவரின் சுமையைத் தொடவேயில்லை. 'தைய்' என்ற நேரடி வரி குடியானவர் தலையில் விழுந்தது, பிரபுக்களுக்கு விலக்கு. 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. அடுத்த ஆண்டு ரொட்டி விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்தே வந்தவர்கள் பாரிஸின் சந்தைப் பெண்கள்.

குடியானவரை உள்ளபடி வரையும் கலை பிரான்சுக்குத் தெரியாததல்ல. லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள லெ நேன் சகோதரர்களின் 17-ஆம் நூற்றாண்டுக் குடியானவர் ஓவியம் ஒன்றில், குழந்தைகளின் காலில் செருப்பில்லை.

அருங்காட்சியகங்கள் இத்தகைய அரசிப் படங்களின் அருகே ஓவியர் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. அந்த ஆண்டில் உழவர் கட்டிய வரியையும் எழுத வேண்டும்.