திரும்பும் நோயும் சுமத்தப்படும் பழியும்

இருமுனையப் பிறழ்வுடைய (பைபோலார்) ஒருவருக்கு நோய் மீண்டதும் எழும் முதற்கேள்வி, ‘மாத்திரையை நிறுத்திவிட்டாரா?’ என்பதே. லோத்குண்டாவின் வீடாயினும் எர்ரகட்டா மனநல மருத்துவமனையாயினும் கேள்வி மாறுவதில்லை. கேள்வி தவறன்று, லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் விரைந்து திரும்பக்கூடும். அதையே ஒரே விடையாகக் கொள்வதுதான் பிழை.

கெடஸ் குழுவினர் 2004இல் தொகுத்தாய்ந்த சோதனைகளில், ஓரிரு ஆண்டுகளுக்குள் நோய் மீண்டவர்கள் வெற்று மாத்திரை பெற்றோரில் சுமார் 60 விழுக்காடு. லித்தியம் பெற்றோரில் சுமார் 40. 2010இல் வெளியான பேலன்ஸ் ஆய்வில், லித்தியத்தோடு வால்புரோயேட்டும் பெற்றவர்களிலேயே 54 விழுக்காட்டினருக்கு இரண்டாண்டுகளுக்குள் புதிய சிகிச்சை தேவைப்பட்டது. லித்தியம் மட்டும் பெற்றோரில் 59, வால்புரோயேட் மட்டும் பெற்றோரில் 69.

ஆகவே, ‘மருந்தால் பயனில்லை’ என்போர் அந்த 20 விழுக்காட்டு வேறுபாட்டை மறைக்கின்றனர்: ஐவருக்கு லித்தியம் தந்தால் ஒருவர் கூடுதலாகக் காக்கப்படுகிறார். ‘ஒழுங்காக உண்டால் வராது’ என்போர் மீதமுள்ள 40 விழுக்காட்டை மறைக்கின்றனர். முன்னது அறியாமை எனக் கண்டிக்கப்படுகிறது. பின்னதோ அறிவுரையாக உலவுகிறது. அந்த வாக்குறுதியை நம்பித் தவறாது மருந்துண்டவர் மீண்டும் நோயுறும்போது பொய்யராக்கப்படுகிறார். மருந்தின்மீதும் மருத்துவர்மீதும் நம்பிக்கை இழக்கிறார்.

2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இந்நோயுடையோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே உள்ளனர். மிகையுரை அவர்களை உள்ளே கொணராது. குருதியில் லித்திய அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் முறையான பரிசோதனையும், தூக்கம் குலைவது போன்ற முன்னறிகுறிகளைக் குடும்பத்துக்குக் கற்பித்தலும், மருந்து காக்கும் அளவை உள்ளபடி உரைத்தலுமே தேவை. நோய் மீண்டால் முதலில் அளக்கவேண்டியது குருதியின் லித்தியத்தை. நோயாளியின் நேர்மையை அன்று.