பக்கத்தில் ஒருவன் வந்தால்

நான் பிரெஞ்சுப் பள்ளியை முடித்த நாட்களில் சைக்கிள் வீரர் என்றால் எங்களுக்கு தனியேல் மொரெலோன்தான். 1968 மெக்சிகோ, 1972 மியூனிக் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஸ்பிரிண்ட் தங்கம் வாங்கியவர்.

ஸ்பிரிண்ட் வினோதமான பந்தயம். இருவர்தான் மோதுவார்கள். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருபவன் அவன் மறைவில் சுகமாக வருவான். அதனால் யார் முதலில் போவது என்று சைக்கிளிலேயே அசையாமல் நிற்பார்கள். 'சூர் பிளாஸ்' என்போம். அங்கே கால் அல்ல, மனசுதான் முதலில் தோற்கும்.

போட்டி வந்தால் வேகம் வரும் என்பார்கள். உண்மைதான். அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர் சைக்கிள் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்து, தனியாக ஓட்டுகிறவனைவிடக் கூட்டத்தில் ஓட்டுகிறவன் வேகமாகப் போகிறான் என்று 1898-இல் எழுதினார். 40 பிள்ளைகளைத் தூண்டில் உருளையைச் சுற்றவும் வைத்தார். போட்டியில் பாதிப் பேருக்கு வேகம் கூடியது. கால்வாசிப் பேருக்குப் பதற்றத்தில் கையே ஓடவில்லை. இந்தக் கால்வாசியை நாம் மறந்துவிடுகிறோம்.

நானும் மறந்தேன். என் மகன் பள்ளிப் பந்தயத்தில் சைக்கிள் ஓட்டியபோது, "பக்கத்துல வந்துட்டான், விடாதே!" என்று ஓரத்தில் நின்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்தான். கடைசியாக வந்தான். வீட்டிலும் திட்டினேன். அதற்குப் பிறகு அவன் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குப் பந்தயம். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பதாக இருக்கிறேன்.