தடைப் பலகை மட்டும் போதாது

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மும்பையில் வாழும் நம்மவர்களின் ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் திரும்பிவிடுகிறது. விடியற்காலையில் கர்ஜத்துக்கும் கசாராவுக்கும் போகும் லோக்கல் வண்டிகளில் தாராவி, சயான், செம்பூர், டோம்பிவிலி பக்கத்து இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து ஏறுகிறார்கள். தோளில் ஒரு பை. பைக்குள் எலுமிச்சை சாதம், ஒரு துண்டு, மாற்றுச் சட்டை. காலில் பெரும்பாலும் ரப்பர் செருப்பு.

இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆறு நாளும் தோல் பட்டறையிலும், ஆலையிலும், ஆபீஸ் மேஜையிலும் கிடந்து, பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேரோடு படுத்து எழுபவனுக்கு, ஏழாவது நாளில் ஒரு பச்சை மலையைப் பார்க்க உரிமை உண்டு. பணக்காரருக்கு லோணாவளாவில் பங்களா இருக்கிறது. ஏழைத் தொழிலாளிக்கு ரயில் டிக்கெட் ஒன்றுதான் வழி. சகியாத்ரி மலை இருவருக்கும் பொது.

ஆனால் போனவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. கவலை அதுதான்.

2024-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லோணாவளாவில் பூசி அணைக்குப் பின்புறம் உள்ள அருவியில், ஓடும் நீரின் நடுவே ஒரு குடும்பம் பாறைமேல் நின்றுகொண்டிருந்தது. திடீரென்று வெள்ளம் ஏறியது. ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொண்டு நின்றார்கள். கரையில் இருந்தவர்கள் கண்ணெதிரே தண்ணீர் அவர்களை இழுத்துச் சென்றது. குழந்தைகள் உட்பட ஒரே குடும்பத்தில் 5 உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு, 2025 ஜூன் 15-ந்தேதி, அதுவும் ஞாயிறு. புனே அருகே குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் குறுக்கே இருந்த பழைய இரும்புப் பாலம், மழை வெள்ளத்தைப் பார்க்க வந்த கூட்டத்தின் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. 4 பேர் மாண்டார்கள். காயமடைந்தவர்கள் ஏராளம்.

இவற்றை விதி என்று சொல்லி விட்டுவிடக்கூடாது. மலைத் தண்ணீர் நடந்துகொள்ளும் விதத்துக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தெரியாமல் போவதால்தான் சாவு வருகிறது.

உதாரணத்துக்குச் சாந்தண் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளலாம். பண்டார்தரா அணைக்கு அப்பால், அகில்யாநகர் மாவட்டத்தில், சாம்ரத் என்ற சிறு கிராமத்தை ஒட்டி அது இருக்கிறது. ஒரு பக்கம் ரத்தன்கட் கோட்டை. சற்றுத் தள்ளி மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரமான கல்சூபாய், 1,646 மீட்டர். மலை இரண்டாகப் பிளந்தாற்போல் ஒரு பிளவு. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம். நூற்றுக்கணக்கான அடி ஆழம். சில இடங்களில் இரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்க முடியாத அகலம். உச்சி வேளையில்தான் அடிவரை வெயில் எட்டிப் பார்க்கும். உள்ளே இரண்டு இடங்களில் தேங்கிய நீரை இறங்கிக் கடக்க வேண்டும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நவம்பர் முதல் கோடை வரை அங்கே போய், மேலே சாம்ரத் மேட்டில் கூடாரம் அடித்து இரவு தங்கி வருகிறவர்கள் பலர். அதே பிளவு மழைக்காலத்தில் என்ன ஆகிறது? அது எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை. வயல் மண்ணைப்போல் நீரைக் குடிக்காது. மேலே பரந்த மேட்டில் பெய்யும் மழை முழுவதும் சரிந்து வந்து இந்த ஒரே சந்துக்குள் விழுகிறது. வீட்டுக் கூரை முழுவதும் பெய்யும் மழை ஒரே தகரக் குழாய் வழியாகக் கொட்டுவதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். குழாய்க்குள் நிற்பவன் கதி என்ன? இரு பக்கமும் செங்குத்துச் சுவர். ஏறித் தப்ப இடம் கிடையாது. கயிறு கட்டிக் கீழே டெஹ்ணே பக்கம் இறங்கத் தொடங்கியவர்கள், கயிற்றை உருவிக்கொண்ட பிறகு வந்த வழியே திரும்பவும் முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நிற்கிற இடத்தில் மழை பெய்தால்தான் ஆபத்து என்பதில்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஆன்டிலோப் கான்யான் என்று ஒரு குறுகிய மலைப் பிளவு உண்டு. அந்தப் பகுதி நவஹோ என்ற பழங்குடி மக்களுக்குச் சொந்தமானது. 1997 ஆகஸ்ட் 12-ந்தேதி அங்கே சுற்றுலாப் பயணிகள் இறங்கியிருந்தார்கள். அவர்கள் இருந்த இடத்தில் மழை இல்லை என்றே சொல்லலாம். பல மைல் தொலைவில் பெய்த இடிமழையின் வெள்ளம் பள்ளத்துக்குள் பாய்ந்து வந்து 11 பேரை வாரிச் சென்றது.

அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். பிளவை மண்ணைப் போட்டு மூடிவிடவில்லை. தகுதிபெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே இறங்கக்கூடாது என்று கண்டிப்பு செய்தார்கள். எளிதில் பெயர்ந்துபோகும் ஏணிகளை எடுத்துவிட்டுப் பாறையில் முடுக்கிய இரும்பு ஏணிகளை வைத்தார்கள். வானிலையைப் பார்த்து, ஆபத்து என்றால் அன்றைக்கு மூடுகிறார்கள். இன்றும் உலகெங்கும் இருந்து மக்கள் அங்கே போய்ப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

இங்கே நடப்பது என்ன? ஒரு விபத்து நடந்ததும் மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுகிறது. அருவி ஓரத்தில் பலகை நடுகிறார்கள். போலீஸ்காரர் இரண்டு வாரம் நிற்கிறார். அபராதம் விதிக்கிறார்கள். பிறகு போலீஸ்காரர் வேறு பந்தோபஸ்துக்குப் போய்விடுகிறார். பலகை மட்டும் நனைந்துகொண்டு நிற்கிறது. அந்தப் பலகையும் மராட்டியில் இருக்கிறது. தேவநாகரி எழுத்தே படிக்கத் தெரியாத நெல்லைச் சீமைத் தொழிலாளிக்கு அது பலகையாகவே தெரியுமே தவிர எச்சரிக்கையாகத் தெரியாது.

தடை வேண்டாம் என்பதல்ல வாதம். கொட்டுகிற மழையில் தடை வேண்டியதுதான். ஆனால் பெயர்பெற்ற பத்து இடங்களில் தடை போட்டால், கூட்டம் வீட்டுக்குத் திரும்பிவிடுவதில்லை. பெயரில்லாத பதினோராவது ஓடைக்குப் போகிறது. அங்கே பலகையும் இல்லை, போலீசும் இல்லை, கயிறு எறிந்து காப்பாற்ற ஆளும் இல்லை. வழிகாட்டாத தடை, ஆபத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான்.

இதில் ரயில்வேயைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இடமிருக்கிறது. கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் நடுவில் உள்ள போர் காட் பாதையில் 1863 முதல் ரயில் ஓடுகிறது. மழைக்காலத்தில் அங்கே பாறை உருளும், மண் சரியும். அதற்காக ஜூன் முதல் செப்டம்பர் வரை ரயிலை நிறுத்திவிடுகிறார்களா? இல்லை. மழைக்கால ரோந்து போடுகிறார்கள். இரவெல்லாம் கையில் விளக்கோடு தண்டவாளத்தில் நடக்கும் தொழிலாளி இருக்கிறான். ஆபத்தான இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார்கள். கொங்கண் ரயில்வேயில் மழைக்காலத்துக்கென்றே தனிக் கால அட்டவணை உண்டு. நிலைமை மோசமானால் அன்றைக்கு மட்டும் வண்டியை நிறுத்துகிறார்கள். மலையோடு சேர்ந்து வாழும் முறை இதுதான்.

தமிழ்நாடும் ஒரு பாடம் படித்திருக்கிறது. 2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்ததை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு முறையோடு, மலைவாழ் மக்களையும் காட்டோரக் கிராமத்தவரையும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக்கித் திறந்துவிட்டது. தடையில் தொடங்கி வழிகாட்டலுக்கு வந்து சேர ஆறு ஆண்டுகள் ஆயின. தாமதமானாலும் வழி சரியானது.

மகாராஷ்டிர அரசும் 2021-ல் சாகசச் சுற்றுலாக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மலையேற்றம் நடத்துகிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல கொள்கை. காகிதத்தில் உள்ளதைக் காட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. செல்போனில் ஒரு விளம்பரம் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கி, ஐம்பது பேரை ஒரு பஸ்ஸில் அடைத்து, பின்னால் ஒரு பையனை மட்டும் துணைக்கு அனுப்பும் வியாபாரத்தை இனியும் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது.

மலையில் குடியிருப்பவர்களையும் நினைக்க வேண்டும். 2023 ஜூலை 19-ந்தேதி இரவு, ராய்கட் மாவட்டத்தில் இர்ஷால்கட் கோட்டையின் அடியில் இருந்த இர்ஷால்வாடி கிராமம் மண்ணுக்குள் புதைந்தது. 27 உடல்களே கிடைத்தன. 57 பேரைக் காணவில்லை என்று தேடுதலை நிறுத்தினார்கள். வண்டி போகும் பாதைகூட இல்லாத ஊர் அது. கோட்டை ஏறப் போகிறவர்கள் கடந்து செல்லும் ஊர். நாம் ஒருநாள் பார்த்துவிட்டு வரும் மலையில் அந்த ஆதிவாசி மக்கள் 365 நாளும் உயிரைப் பணயம் வைத்து வாழ்கிறார்கள். எந்த ஓடை எப்போது பொங்கும், எந்தப் பாறை வழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்குப் பயிற்சியும் கயிறும் கூலியும் கொடுத்தால், வருகிறவன் உயிரும் பிழைக்கும். இருக்கிறவன் அடுப்பும் எரியும்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. எந்த அருவி, எந்தப் பள்ளத்தாக்கு இன்று மூடப்பட்டிருக்கிறது என்பதைக் காலையிலேயே கல்யாண், தாணே, கர்ஜத், கசாரா ஸ்டேஷன்களில் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். மலையடிவாரத்தில் போலீஸ் வைத்துத் திருப்பி அனுப்புவதைவிட, டிக்கெட் வாங்கும் முன்பே சொல்லிவிடுவது எளிது. எச்சரிக்கைப் பலகையில் எழுத்தோடு படமும் போடலாம். மூழ்குகிற மனிதனின் படத்துக்கு மொழி தேவையில்லை. அருவியின் மேற்பகுதியில் ஓர் ஆளை நிறுத்தி, தண்ணீர் ஏறினால் ஊது என்று ஒரு விசில் கொடுக்கலாம். லோணாவளாவில் சிவதுர்க் மித்ரா போன்ற தொண்டர்கள் நள்ளிரவிலும் பள்ளத்தில் இறங்கி மற்றவர்களை மீட்கிறார்கள். அப்படிப்பட்ட குழுக்களுக்குக் கருவிகளும் உதவியும் தாராளமாகத் தர வேண்டும்.

நம்மவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. வானிலை இலாகா ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் மலைப்பக்கம் போகவே கூடாது. மழைக்காலத்தில் மலைப் பிளவுக்குள் இறங்குவது எந்த நாளிலும் வேண்டாம். கோடை இடிமழைக்காலத்திலும் ஓடைப் படுகையில் கூடாரம் அடிக்கக்கூடாது. மேட்டில் அடிக்க வேண்டும். தெளிந்து ஓடிய நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, படம் எடுக்க நிற்காமல் உடனே கரையேற வேண்டும். வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும்.

திரும்பும் வழியில் ஓடை பெருகியிருந்தால் கடக்க முயல வேண்டாம். இத்தகைய மலை ஓடைகள் பெருகுவதும் வேகம், மழை விட்டால் வடிவதும் வேகம். சில மணி நேரம் காத்திருந்தால் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், கடைசி வண்டி போய்விடும், திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போச்சு என்ற பதற்றத்தில்தான் பலர் தண்ணீரில் காலை வைக்கிறார்கள். ஒருநாள் கூலியை அடுத்த வாரம் சம்பாதித்துக்கொள்ளலாம். ஊரில் மணியார்டர் காலம் முதல் இன்றுவரை மகன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தாய்க்கு, மகனை யார் சம்பாதித்துக் கொடுப்பார்கள்?

மும்பைத் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நீங்கள், ஆண்டுக்கு இரண்டு முறை, மழை முடிந்த பிறகு, உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தி, இளைஞர்களை மலைக்கு அழைத்துச் செல்லலாம். மே மாதக் கடைசியில் எந்த இடம் ஆபத்து என்று தமிழில் ஒரு தாளில் எழுதிச் சால் வாசலில் ஒட்டலாம். செலவு அதிகமாகாது.

சாந்தண் பிளவு பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. நவம்பரிலும் இருக்கும். அதுவரை பொறுத்திருந்து போகிறவர்கள் கண்குளிரப் பார்த்துவிட்டுக் கசாரா லோக்கலில் வீடு திரும்பலாம். அவர்கள் பத்திரமாகத் திரும்ப, மழைக்காலம் உச்சத்துக்கு வரும் முன்பே மகாராஷ்டிர அரசும் மாவட்ட நிர்வாகங்களும் ஆவன செய்ய வேண்டும்.