பாட்டிக்கு யார் குரல்?

ஓய்வு பெற்றும் வாத்தியார் திருந்தவில்லை, வீடியோ கேமுக்கும் மார்க் போட வந்துவிட்டார் என்று சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு நடந்த வாக்குவாதத்தின் மிச்சம் இது.

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி ஆர்.பி.ஜி. கேம்கள் ஆடுவாள். நாமே ஓர் ஆளை உருவாக்கி, பெயர் வைத்து, கதைக்குள் அனுப்புகிற வகை. அவள் வைக்கும் பெயர் எப்போதும் மறைந்துபோன அவள் பாட்டியின் பெயர்தான். 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' ஆடும்போது நானும் பக்கத்தில் உட்காருவேன். அதில் மற்றவர்கள் பேசுவார்கள், நம் ஆள் பேசுவதில்லை. நாம் சொல்லக்கூடிய பதில்கள் முழு வாக்கியமாகத் திரையில் வரும். மருத்துவம் கற்றிருந்தால் அதற்கொரு பதில், புத்தியைக் குறைத்து வைத்திருந்தால் ஓர் அசட்டுப் பதில். பேத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாட்டி பேசுகிற மாதிரியே தமிழில் வாய்விட்டுச் சொல்வாள். கொள்ளைக்காரனிடம் போய், "ஏண்டா, சாப்பிட்டியா மொதல்ல?" என்பாள். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிடும்.

பிறகு 2015இல் வந்த 'ஃபால்அவுட் 4'. கண்ணாடி முன் நிறுத்தி முகத்தைச் செதுக்கலாம். அந்த மூக்கு, அந்த நரை, அப்படியே அவள் பாட்டி. வாயைத் திறந்தால் அமெரிக்க நடிகை கோர்ட்னி டெய்லரின் குரல்! நல்ல நடிகை, அவர்மேல் குறையில்லை. ஆனால் அதை ஆடும்போது பேத்தி வாயே திறக்கவில்லை.

"குரல் இருந்தாத்தான் உணர்ச்சி வரும் மாமா, 'விட்சர் 3' ஜெரால்ட்டைப் பாருங்க" என்கிறார் மாப்பிள்ளை. சரி. ஜெரால்ட், போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் கதைகளில் பிறந்து வளர்ந்த ஆள். அவனுக்குக் குரல் இருப்பது நியாயம். அவனை நான் உருவாக்கவில்லையே. 'நீயே படைத்துக்கொள்' என்று முகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நாக்கை மட்டும் எடுத்துக்கொள்வதைத்தான் கேட்கிறேன். மாணவனிடம் தலைப்பைக் கொடுத்துவிட்டு வாத்தியாரே கட்டுரையை எழுதி வைப்பதா?

குரலுக்கு விலையும் உண்டு. அந்தக் கேமில் நாயக பாத்திரத்துக்கு மட்டும் 13,000 வரிகளுக்கு மேல் பதிவு செய்தார்கள். அப்படியும் ஒரு நேரத்தில் நான்கு பதில்தான், அதுவும் ஓரிரு சொல்லில். 'கிண்டல்' என்று ஒரு பொத்தான்! என்ன கிண்டல் என்பது அழுத்திய பிறகுதான் தெரியும். 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' (2009) மனிதர், எல்ஃப், குள்ளர் என எதுவாகவும் பிறக்கவிட்டது. 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் நாயகருக்குக் குரல் வந்தது. மனிதராக மட்டுமே பிறக்கலாம், குடும்பப் பெயர்கூட ஹாக் என்று அவர்களே வைத்துவிட்டார்கள்.

பேசாத ஆள் சில காட்சிகளில் மரம் மாதிரி நிற்பது உண்மை, மறுக்கவில்லை. 'பால்டர்ஸ் கேட் 3'இல் கூட இருப்பவர்கள் உருகிப் பேச, நம் ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பார். அதைத்தான் 2023இல் உலகமே கொண்டாடியது. அதே ஆண்டு, 'ஃபால்அவுட் 4' செய்த நிறுவனமே 'ஸ்டார்ஃபீல்ட்' வெளியிட்டபோது நாயகரின் குரலை எடுத்துவிட்டது. இதற்கு மாப்பிள்ளையிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

மாப்பிள்ளை, இங்கேயே எழுதுங்கள். போனில் கூப்பிட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.