ஆடத் தெரியாதவளும் சர்வர் கோணலும்

பவர் பிஐ ரிப்போர்ட்டில் ஒரு மாதத்தைச் சொடுக்கினால் வட்டம் சுற்றுகிறது. மேலாளர் டீ குடித்துவிட்டு வருகிறார். இன்னும் சுற்றுகிறது. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "சர்வர் பத்தாது சார், மெமரியைக் கூட்டணும்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

கூடம் நேராகத்தான் இருக்கிறது. கோணல் டேட்டா மாடலில்.

இம்போர்ட் முறையில் பவர் பிஐக்குள் வேலை செய்வது வெர்ட்டிபாக் என்கிற இன்ஜின். 2010-ல் எக்ஸெலுக்கான பவர்பிவட்டோடு வந்தது. இது தகவலை வரிவரியாக அல்ல, நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிக்கிறது. ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் நன்றாகச் சுருக்கிவிடும். வெவ்வேறு மதிப்புகள் பெருகினால் திணறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 86,400 நொடி. தேதியையும் நேரத்தையும் ஒரே நெடுவரிசையில் நொடி வரை வைத்தால், ஒரு வருடத்தில் 3,15,36,000 வெவ்வேறு மதிப்புகள் வரலாம். தேதியைத் தனியாக, நேரத்தைத் தனியாகப் பிரித்தால்? 365-ம் 86,400-ம் சேர்ந்து வெறும் 86,765. மாத விற்பனை பார்க்கிறவருக்கு நொடி எதற்கு? தூக்கி எறிந்தால் 365 போதும். இதற்கு எந்த சர்வரும் வாங்க வேண்டாம்.

அடுத்த பாவம், எக்ஸெல் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் கொட்டுவது. ஒவ்வொரு பில் வரியிலும் வாடிக்கையாளர் பெயர், முகவரி, மாவட்டம், பொருளின் வகை... ரால்ஃப் கிம்பால் 1996-லேயே 'தி டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' எழுதி வழி காட்டிவிட்டார். நடுவில் விற்பனை, சுற்றிலும் வாடிக்கையாளர், பொருள், தேதி என்று தனித்தனி டேபிள்கள். நட்சத்திர அமைப்பு. வெர்ட்டிபாக்குக்கு இதுதான் தோதானது. இத்தனை வருடம் கழித்தும் அதைப் படிக்காமல், டேபிள்களுக்கு நடுவே இருபக்கமும் அம்புக்குறி போட்டுவிட்டு "டூல் சரியில்லை" என்று ஜல்லியடிப்பது என்ன நியாயம்?

இன்னொரு வேடிக்கை. வெர்ட்டிபாக் பல கோர்களை ஒரே சமயத்தில் பயன்படுத்தும். ஆனால் சிக்கலான டாக்ஸ் கணக்குகளைச் செய்யும் ஃபார்முலா இன்ஜின் ஒரு குவெரிக்கு ஒரே த்ரெட்டில்தான் ஓடும். தாமதம் அங்கே இருந்தால் 4 கோரை 32 ஆக்கினாலும் அதே வட்டம்தான்.

"டெட்லைன் நெருக்குது, மாடலைத் திருத்த நேரம் ஏது?" என்பார்கள். காத்திருப்பவர்களின் நேரம் எந்த பில்லிலும் ஏறுவதில்லை, அதனால் வந்த தைரியம். பொறுமை இழந்தவர்கள் எக்ஸெலுக்கு ஏற்றுமதி செய்துகொண்டு போய்விடுவார்கள். பிறகு மீட்டிங்கில் ஆளுக்கொரு விற்பனைத் தொகை. எல்லோரும் ஒரே எண்ணைப் பார்க்கத்தானே இத்தனை செலவும்?

பவர் பிஐ டெஸ்க்டாப்பில் பெர்ஃபார்மன்ஸ் அனலைசர் இருக்கிறது. டாக்ஸ் ஸ்டூடியோ இருக்கிறது. இரண்டும் இலவசம். எங்கே தாமதம் என்று முதலில் அளக்கட்டும், பிறகு மாடலைத் திருத்தட்டும். அதற்குப் பிறகும் நகராவிட்டால் தாராளமாக சர்வர் வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது?